பிரிக்காத பொட்டலம்

சேலம்,
3.6.2024

அன்புள்ள நங்கைக்கு நர்மதா எழுதுவது.

நானும் பாப்பா சத்யாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அங்கே நீங்களும், மாடு கன்றும், கோழிப்பண்ணையும் நலந்தானே?

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் என்னிடம் எங்கே இருக்கிறது? நாள் முழுக்க சத்யா கையில்தான். வாட்ஸ்அப்பில் வருவதை எனக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தால் என் முகத்தையே பார்க்கிறாள். "டாக்டர் என்னம்மா சொன்னாங்க? அத்தைகிட்ட என்ன சொன்னே?" என்று துளைக்கிறாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு கூர்மை ஆகாது. உங்கள் தம்பியிடம் சொல்லலாமென்றால் அவர் போர் போடுகிற ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். குழாய் இறக்குகிற வேலையில் மனசு வேறெங்காவது போனால் கை போய்விடும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நம் முட்டை வண்டி ஜெயபிரகாஷ் அண்ணன் செவ்வாய்ப்பேட்டைக்கு லோடு கொண்டுவரும்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்று துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போகிறார் அல்லவா, அவரிடமே இதைக் கொடுத்து விடுகிறேன்.

மருந்து ஏற்றுவது இன்னொரு சுற்று முடிந்துவிட்டது. முழங்காலுக்கு மேலே எலும்பில் இருக்கிற கட்டி இந்நேரம் சுருங்கியிருக்க வேண்டுமாம். ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் டாக்டர். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வார்டில் அம்மாக்களுக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை, வந்த வாரமே தானாக வந்துவிடுகிறது. நோயின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். "எப்போ ஊருக்கு?" என்று கேட்க மாட்டார்கள். "சாப்பிட்டாச்சா?" மட்டும்தான். ஒருத்தி "மாடியில துணி எடுத்துட்டு வாரேன்" என்று எழுந்தால் கூட யாரும் போக மாட்டோம். அவள் துணி எடுக்கப் போகவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்துக் கட்டில் உஷாராணி இளம்பிள்ளை ஊர்க்காரி, தறிக்காரக் குடும்பம். மகன் குமரனுக்கு ரத்தத்தில் கோளாறு. அவள் ஊரிலிருந்து சேலை வரவழைத்து இங்கேயே உட்கார்ந்து முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிறாள். எனக்கும் கற்றுக் கொடுத்துவிட்டாள். பயந்த அன்றைக்கு முடிச்சு இறுகிப் போகிறதாம், பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுகிறாள். என்னுடையது இப்போதெல்லாம் கல் மாதிரி இருக்கிறது.

ஒரு குறை, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் பிறந்த வீட்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள், நீங்கள் மட்டும் வரவில்லை. அவள் என்னிடம் தூங்கியதைவிட உங்களிடம் தூங்கியதுதான் அதிகம். "அத்தை ஏன் வரல?" என்கிறாள். மாடு கன்று போட்டிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
நர்மதா


எருமப்பட்டி,
5.6.2024

என் அம்மிணி நர்மதாவுக்கு உன் நங்கை வசந்தாமணி எழுதுவது.

உன் கடுதாசி கோழி கிளறின குப்பை மாதிரி இருந்தாலும் படித்துவிட்டேன். பத்தாவது வரை படித்தவள் எழுத்தா இது? நான் எட்டாவதோடு நின்றவள், என் எழுத்தைப் பார்.

டாக்டர் சுவரைப் பார்த்தாராம், இவளுக்குச் சோறு இறங்கவில்லையாம். அவருக்குக் கழுத்து வலியாக இருக்கும். நீ சாப்பிடாமல் கிடந்து விழுந்தால் அங்கே யார் இருக்கிறார்கள் அவளுக்கு? பையில் எள்ளு உருண்டை வைத்திருக்கிறேன். பாதி உனக்கு. பிள்ளைக்கே எல்லாம் கொடுத்துவிடாதே.

ஊரில் வாயை அடைத்துவிட்டேன். காலில் சாதாரணக் கட்டி, கரையக் கொஞ்ச நாள் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். போட்டோவில் பிள்ளை தலையைப் பார்த்துவிட்டு பக்கத்து வீட்டு நல்லம்மாள் "முடி எங்கே?" என்று இழுத்தாள். "பழநிக்கு மொட்டை, வேண்டுதல்" என்றேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான், முடி வளர்ந்ததும் நிஜமாகவே கொடுத்துவிடலாம்.

பள்ளிக்கூடம் திங்கட்கிழமை திறக்கிறார்கள். புதுச் சீருடை தைத்து வாங்கி வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கழற்றிக் கொடுத்தனுப்பினாயே அவள் கொலுசு, புளி போட்டு விளக்கித் துணியில் முடிந்து பெட்டியில் வைத்திருக்கிறேன். அதை எடுக்கும்போதெல்லாம் சத்தம் வருகிறது. அதனால் எடுப்பதில்லை.

வரவில்லை என்று கேட்கிறாய். எனக்கு அந்த ஆஸ்பத்திரி வாசம் ஆகாது. பண்ணையில் ஆளும் இல்லை. வருகிறேன், பார்க்கலாம்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

வசந்தாமணி


சேலம்,
10.6.2024

அன்புள்ள நங்கைக்கு,

டாக்டர் கழுத்து வலியில் சுவரைப் பார்க்கவில்லை.

கட்டி சுருங்கவில்லை. காலை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். முழங்காலுக்கு மேலே, தொடையில். எடுக்காவிட்டால் நெஞ்சுக்கு ஏறிவிடுமாம், ஏறிவிட்டால் பிறகு எதையும் எடுத்துப் பிரயோசனமில்லை என்று மெதுவாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சை. நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்த பிறகுதான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று தெரிந்தது. உஷாராணி என்னைப் பார்த்துவிட்டு, "மாடியில துணி காஞ்சிருக்கும், போய் எடுத்துட்டு வாங்க. பாப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மாடியிலிருந்துதான் உங்கள் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். பின்னால் ரிக் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அக்காளைக் குலசாமி கோவிலுக்குப் போயிப் பூக் கேக்கச் சொல்லு. வெள்ளை வந்தா கையெழுத்துப் போடு. சிவப்பு வந்தா கூட்டிட்டு வந்துரலாம், வேற வைத்தியம் பாக்கலாம்" என்றார். அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்? தம் சொந்த ரிக்கில் ஊராருக்கெல்லாம் குழாய்க் கிணறு போடுகிறவர், நம் பண்ணைக்குப் போடும்போது பூக் கேட்காமல் ஒரு அடி இறக்கவில்லை. உங்களுக்கே ஞாபகம் இருக்கும். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், ஆமணக்கு இலையில் மடித்து வாழை நாரில் கட்டி ஆத்தா முன்னால் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னோம். இன்ஜினியர் காட்டிய இடத்துக்குச் சிவப்பு வந்தது. வேப்பமரத்தடிக்கு வெள்ளை வந்தது. வேப்பமரத்தடியில் போட்டோம், இன்றைக்கும் தண்ணீர் வற்றவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் சத்யா வளர்ந்தாள்.

அதனால்தான் எனக்குப் பயம். எனக்கு அந்தப் பூவில் நம்பிக்கை இல்லாவிட்டால் கவலையே இல்லை, சிவப்பு வந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் போவேன். எனக்கு நம்பிக்கை இருக்கிறது நங்கை. சிவப்பு வந்துவிட்டால் என் கை கையெழுத்துப் போடாது. போடாவிட்டால் அவள் இருக்க மாட்டாள். கேட்க வேண்டாம் என்று எழுதவும் எனக்குத் தைரியம் இல்லை. கேளுங்கள் என்று எழுதவும் தைரியம் இல்லை.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் நேற்று அவளே போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு, போர்வையைக் காலுக்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டாள். இந்த வெயிலில்.

நீங்களே பார்த்து ஒன்றைச் செய்யுங்கள்.

நர்மதா


எருமப்பட்டி,
12.6.2024, புதன்

அம்மிணி,

வெள்ளை வந்தது. முதலில் அதைப் படித்துக்கொள்.

காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். ஜெயபிரகாஷ்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டான். பொட்டலம் இரண்டையும் வீட்டிலேயே கட்டி எடுத்துப் போய்விட்டேன். பூசாரி, "நான் கட்டித் தரமாட்டனுங்களா?" என்று முனகினார். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று வாயை அடைத்துவிட்டேன். பூசாரியின் பேத்தி, பால்பல் விழுந்த குட்டி, அதுதான் எடுத்தது. எடுத்துப் பிரித்தால் பளீரென்று வெள்ளை. பூசாரியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள். இனி நீ யோசிக்க ஒன்றும் இல்லை. கையெழுத்தைப் போடு.

தம்பி தனபாலுக்கும் போனில் சொல்லிவிட்டேன். அழுதான். ஆண்பிள்ளை அழுது நான் கேட்டது எங்கள் அப்பன் செத்தபோதுதான். ரயில் ஏறி ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன் என்றான்.

பையில் குங்குமமும் எலுமிச்சம்பழமும், எடுத்த பூவை அதே இலையில் மடித்தும் வைத்திருக்கிறேன். பாப்பா தலையணைக்கு அடியில் வை. காலை நினைத்து அழாதே. கால் இல்லாமல் மகாராணியாக இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவள் வேண்டும். முழுசாகத்தான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

வசந்தாமணி


எருமப்பட்டி,
14.6.2024

நர்மதா,

அவசரமாக எழுதுகிறேன். இன்றைக்கு ஜெயபிரகாஷுக்கு லோடு இல்லை. சும்மா இருந்தவனைப் பிடித்து பைக்கில் அனுப்புகிறேன்.

அன்றைக்குப் பையில் ஒரே ஒரு பொட்டலம்தான் வைத்ததாக நினைத்திருந்தேன். இங்கே பார்த்தால் இன்னொன்றைக் காணோம். எலுமிச்சம்பழத்துக்கு அடியில் அதுவும் சேர்ந்து வந்துவிட்டது போலிருக்கிறது. நார் கட்டியபடியே இருக்கும். அதைப் பிரிக்காதே. எடுபடாத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும். பிள்ளை கையில் படாமல் பார்த்துக்கொள். இவனிடமே கொடுத்து அனுப்பு. மறந்துவிடாதே.

சாப்பிடு.

வசந்தாமணி


சேலம்,
22.6.2024

அன்புள்ள நங்கைக்கு,

ஜெயபிரகாஷ் அண்ணனை வெறுங்கையோடு அனுப்பியதற்கு மன்னியுங்கள். ரத்தம் எடுக்கப் பாப்பாவைக் கூட்டிப் போயிருந்தேன், திரும்பி வருவதற்குள் உங்கள் சீட்டை உஷாராணியிடம் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். பொட்டலம் என்னிடம்தான் இருந்தது.

உங்கள் தம்பி போனில் சொல்லியிருப்பார். கால் போய்விட்டது. பாப்பா இருக்கிறாள். அவர் பார்த்ததை அவர் சொல்லியிருப்பார், நான் பார்த்ததை எழுதுகிறேன்.

உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் அவளிடம் நானே சொன்னேன். "தெரியும்மா" என்றாள். "நீ எப்போ சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன்." ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு ஒரே கட்டிலில் கிடந்திருக்கிறோம்.

கதவைச் சாத்திவிட்டார்கள். அவர் வராந்தாவில் நிற்க முடியாமல் கீழே போய்விட்டார். உஷாராணி ஒரு சேலையை என் மடியில் போட்டு, "கட்டிட்டே இருங்க, நிறுத்தாதீங்க" என்றாள். கட்ட முடியவில்லை. அந்தப் பொட்டலம் என் இடுப்பில் செருகியிருந்தது. நீங்கள் பிரிக்காதே என்று எழுதியிருந்தீர்கள். நான் பிரித்தேன் நங்கை. உள்ளே இருக்கிற சிவப்பைக் கண்ணால் பார்த்துவிட்டால், இது என் பிள்ளைக்கு வராமல் போன பூ என்று கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்தேன்.

வாடிச் சுருண்டிருந்தது. வாடினாலும் வெள்ளை அரளி எனக்குத் தெரியாதா?

அப்படியானால் ஆத்தா உத்தரவு கொடுக்கவே இல்லை, யாரையும் கேட்காமல் என் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. எழுந்து ஓடினேன். நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் ஓடினேன். அந்தக் கதவில் கையை வைத்தேன். உஷாராணி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்கவில்லை. இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

கதவோரமாகவே உட்கார்ந்துவிட்டேன். அப்போது உங்களைத்தான் நினைத்தேன். மாரியம்மனுக்கு வருஷம் தவறாமல் தீ மிதிக்கிறவர் நீங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு கோவில் வீதியில்கூட நடக்க மாட்டீர்கள். நீங்கள் வீட்டில் தனியாக உட்கார்ந்து இரண்டு இலையிலும் வெள்ளையை வைத்து நார் கட்டியிருக்கிறீர்கள். அந்தக் கையோடு ஆத்தா முன்னால் போய் நின்றிருக்கிறீர்கள். எவ்வளவு பயந்திருப்பீர்கள்! நான் இங்கே கட்டின முடிச்செல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள், பிள்ளைக்கு ஏதாவது ஆனால் தன்னால்தான் என்று கிடந்திருப்பீர்கள். அதை நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். உங்கள் தம்பிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நீங்கள் கோவிலுக்குப் போனது புதன்கிழமை. நான் கையெழுத்துப் போட்டது செவ்வாய்க்கிழமை. உங்களுக்கு எழுதிய கடுதாசி ஜெயபிரகாஷ் அண்ணன் கைக்குப் போனதும் சிவப்பு வந்துவிடுமோ என்கிற பயம் பிடித்துக்கொண்டது. எந்தப் பூ என்று தெரிவதற்குள் போட்டுவிட வேண்டும் என்று டாக்டர் அறைக்கு ஓடினேன். போட்டுவிட்டு வந்து, உங்கள் கடுதாசியில் வெள்ளை என்று படிக்கும்வரை செத்துப் பிழைத்தேன். ஆகவே ஆத்தாவுக்குக் கோபம் என்றால் அது உங்கள்மேல் மட்டும் இருக்க முடியாது. கேட்காமல் முதலில் போனவள் நான். நீங்கள் என் பின்னால்தான் வந்தீர்கள். பங்கு போட்டுக்கொள்ளலாம்.

எடுத்த எலும்பைச் சோதித்ததில், வெட்டிய இடத்தில் நோய் இல்லையாம். நெஞ்சுக்கு இன்னும் போகவில்லை என்கிறார்கள். ஆனால் மருந்து தொடர வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். எனக்குப் பயம் போகவில்லை. அது இனிமேல் போகும் என்றும் தோன்றவில்லை. அதை இடுப்பில் வைத்துக்கொண்டே சோறு பொங்கப் பழக வேண்டியதுதான்.

கண் விழித்ததும், "போயிருச்சாம்மா?" என்றாள். "ஆமா சாமி" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் அவளாகவே, "அத்தைகிட்டக் கேளு. ஒரு கொலுசு சும்மாதான இருக்கும், அதைக் கைக்கு மாத்தித் தர முடியுமான்னு" என்றாள். கேட்டுவிட்டேன்.

நர்மதா


எருமப்பட்டி,
24.6.2024

என் கண்ணு நர்மதாவுக்கு,

பிரிக்காதே என்றால் பிரிக்கிறதுதான் உன் புத்தி. கல்யாணமாகி வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும்.

உன் கடுதாசியைக் கொட்டகையில் கோழிகளுக்கு நடுவே நின்றுகொண்டு படித்தேன். செவ்வாய்க்கிழமை என்கிற இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். புதன்கிழமையிலிருந்து வாயில் வைத்ததெல்லாம் மண்ணாக இருந்தது. இன்றைக்குப் பழைய சோறும் மோரும் இரண்டு கிண்ணம் குடித்தேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் குடித்தேன்.

நான் ஏமாற்ற வேண்டுமென்று போகவில்லை அம்மிணி. இது ஒன்றை மட்டும் நீ நம்ப வேண்டும். அன்றைக்குக் காலையில் முறைப்படி இரண்டு இலையும் இரண்டு நாரும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வெள்ளையைப் பறித்தேன். சிவப்பு அரளி பக்கத்திலேயே செடி கொள்ளாமல் பூத்துக் கிடந்தது. கை போகவில்லை. நின்று நின்று பார்த்தேன், போகவே இல்லை. ஆத்தாவிடம் அதைத்தான் சொன்னேன். "நீயும் பொம்பளைதான, நீயே எனக்குச் சொல்லு, உன்னால பறிக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரி வாசம் ஆகாது என்று எழுதினேனே, அது பொய். கிடக்கிற பிள்ளையைப் பார்த்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். பூக் கேட்ட பிறகு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. செய்த காரியத்தோடு போய் அவளைத் தொட்டால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. நீ அங்கே தனியாகப் பயப்படுவதற்கு இரண்டு பேரும் சேர்ந்தே பயப்படலாம். மாட்டை நல்லம்மாள் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். அவளிடம் இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பழநியையும் சேர்த்து. இனிமேல் எனக்குப் பொய் சொல்ல முடியாது, களைப்பாக இருக்கிறது.

கொலுசை இன்றைக்கு எடுத்தேன். சத்தம் வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த வெள்ளிப் பட்டறை இருக்கிறது, கைக்கு மாற்றித் தருவான். ஆனால் மணிக்கட்டு அளவு வேண்டுமாம். பிள்ளை இளைத்திருப்பாள், பழைய வளையலை வைத்து அளவு சொல்ல முடியாது.

வியாழக்கிழமை முட்டை வண்டியில் வாரேன். நானே அளந்துகொள்கிறேன்.

வசந்தாமணி